அடிமை அல்லன் என்பதற்கு அத்தாட்சி எங்கே?

(பொகவந்தலாவையில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் சட்டத்தரணியும் அரசியல் அமைப்பாளருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலிப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை, காணிப் பிரச்சினை என்று தலைக்குமேல் பாரம் கிடக்கும்போது, கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறுகிறானே இவன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் நியாயமானதுதான். ஆயினும் நான் எடுத்துவந்திருப்பது பொழுதுபோக்குக் கதை அன்று. கூலியைப் பற்றியும், சட்டத்தைப் பற்றியும், தன்னை மனிதன் என்று நிரூபிக்க முடியாமல் தவித்த மனிதனைப் பற்றியும் எழுதப்பட்ட கதை. சிரிக்கவைத்து எழுதப்பட்டது என்பதால் அதைச் சிறுவர்களிடம் கொடுத்துவிட்டோம். பெரியவர்கள் திரும்ப வாங்கிப் படிக்கவேண்டிய நூல் அது.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட, ஆர்தர் மன்னனின் அவையில் அகப்பட்ட கனெக்டிகட் நாட்டான் ஒருவனின் கதையே அது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்த ஹாங்க் மோர்கன் என்பவன், தொழிலாளி ஒருவனோடு நடந்த சண்டையில் கடப்பாரையால் தலையில் அடிபட்டு மயங்கி விழுகிறான். கண் விழித்தால் காலம் கி.பி. 528! இடம் ஆர்தர் மன்னனின் இங்கிலாந்து! அவனைப் பிடித்து எரிக்கப் போகிறார்கள். அன்று சூரிய கிரகணம் என்பது அவனுக்குத் தெரியும். சூரியனையே மறைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறான், சூரியன் மறைகிறது, உயிர் தப்புகிறான். அது மட்டுமா? அரசனுக்கு அடுத்த அதிகாரியாகவும் ஆகிவிடுகிறான். நாட்டார் அவனுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? நமது தோட்ட வழக்கில் சொல்வதானால், ‘துரை’!

பள்ளிப் பருவத்தில் இதைப் படிப்பவனுக்கு எது நினைவில் நிற்கும்? கிரகணம் நிற்கும். மந்திரவாதி மெர்லினின் கோபுரம் வெடிமருந்தால் தூள் தூளாவது நிற்கும். கவசம் அணிந்த வீரர்கள் துவிச்சக்கர வண்டியில் ஏறிவந்து அரசனை மீட்பது நிற்கும். எனக்கும் அவையே நின்றன. நாற்பதைக் கடந்து, நீதிமன்றத்திலும் தோட்டத்திலும் சில ஆண்டுகள் அலைந்தபின் அதே நூலை மறுபடி எடுத்தபோது, கிரகணம் சில பக்கங்களில் முடிந்துபோயிற்று. வேறு சில அத்தியாயங்கள் நகரவிடாமல் நிறுத்திவைத்தன. அவற்றைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

பொகவந்தலாவையில் ஒரு மெர்லின்

முதலில் இந்த ஊருக்கும் அந்தக் கதைக்கும் உள்ள உறவைச் சொல்லவேண்டும். நமது புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆங்கிலத் தம்பதியர் துயில்கின்றனர். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர், 1879இல் மறைந்தவர். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன்; 1880இல் மறைந்தவர். அவர் சட்டம் கற்றவர். இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்து அறிக்கை தந்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவரே. அந்த ஆணைக்குழுவின் காலத்தில்தான், 1832இல், ‘இராசகாரியம்’ எனும் கட்டாய ஊழியம் இந்த நாட்டில் ஒழிக்கப்பட்டது.

ஆர்தர் மன்னனின் கதைகளை டெனிசன் என்னும் கவிஞர் பாடியிருந்தார். அப்பாடல்களுக்குப் படம் எடுத்துத் தருமாறு அவர் ஜூலியா அம்மையாரைக் கேட்டார். 1874இல் அம்மையார் படங்களை எடுத்தார். மெர்லின் வேடம் பூண்டு நின்றவர் யார்? அவருடைய கணவர் கமரன்! ஆர்தர் மன்னனாக நின்றவர் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு சுமைகூலி! ஆம், மூட்டை தூக்குபவனுக்குக் கவசத்தை அணிவித்தால் மன்னனாகிவிடுகிறான். மார்க் ட்வைன் அதை மறுபக்கமாகத் திருப்பினார். மன்னனின் கவசத்தைக் கழற்றிவிட்டால் அவன் யார் என்று கேட்டார். டெனிசன் போற்றிப் பாடிய அந்தப் பொற்காலத்தின் அடியில் கிடந்த அழுக்கைக் கிளறிக் காட்டினார். அவர் நூலுக்குச் சித்திரம் வரைந்த டான் பியர்ட் இன்னும் ஒரு படி மேலே சென்று, மெர்லினுக்கு டெனிசனின் முகத்தையே வரைந்துவைத்தார்!

மார்க் ட்வைனும் இந்தத் தீவின் மண்ணை மிதித்தவர்தான். 1894இல் அவருடைய பதிப்பகம் முறிந்து, கடன் கழுத்தை நெரித்தது. கடனைத் தீர்க்க அறுபதாவது வயதில் உலகம் முழுவதும் சொற்பொழிவாற்றச் சுற்றினார். அந்தப் பயணத்தில் 1896ஆம் ஆண்டு சனவரியில் கொழும்பில் இறங்கினார். கடன் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். கடன் என்ற சொல்லின் எடையை நம்மைவிட அறிந்தவர்கள் யார்?

மன்னனின் வழியில் கூலியில்லா வேலை

இனி, அந்த அத்தியாயங்களுக்கு வருவோம்.

கதாநாயகன் ஒருநாள் வழியில் சிலரைக் காண்கிறான். கந்தல் உடுத்தி, சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அடிமைகள் அல்லர். சட்டப்படி சுதந்திர மனிதர்கள். ஆனால் அந்தச் சாலை ஆயருடையது. குடும்பத்தில் ஒவ்வோர் ஆணும் மூன்று நாள் கூலியின்றி உழைக்கவேண்டும். அவர்களுடைய தானியத்தை ஆயரின் ஆலையில்தான் அரைக்கவேண்டும். பிரபுவின் அனுமதியின்றி ஊரை விட்டு நீங்கக்கூடாது. இவ்வளவுக்கும் அவர்கள் பெயர் ‘சுதந்திரர்’!

இலங்கையில் இராசகாரியம் 1832இல் நீங்கிற்று. அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. அதன்பிறகு மலைநாட்டில் கோப்பியும் தேயிலையும் செழித்தன. தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் வந்தனர். அவர்களும் சட்டப்படி சுதந்திரரே. ஆனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. பெரிய கங்காணியிடம் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை இல்லை. ஒரு தோட்டம் கடனோடு விடுவிக்கும். மறுதோட்டம் கடனோடு வாங்கிக்கொள்ளும். மனிதன் விற்கப்படவில்லை, அவனுடைய கடன்தான் கைமாறியது, கடனோடு அவனும் போனான்! துண்டுமுறையும் சிறைத் தண்டனையும் 1921இல்தான் ஒழிந்தன. இராசகாரியம் ஒழிந்து 89 ஆண்டுகளுக்குப் பின்னர்!

சட்டத்தின் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஒரு மனிதனைச் சுதந்திரன் என்று சொல்லிவிடலாகாது. அவன் நாளை காலை வேலையை விட்டு நீங்கினால் அவனுக்கு என்ன நேரும் என்று கேட்கவேண்டும். அந்தச் சாலை அத்தியாயம் கற்பிக்கும் முதற்பாடம் இது.

அதே இடத்தில் மார்க் ட்வைன் ஒரு கணக்கும் போடுகிறார். ஆயிரம் பேர் கொண்ட ஒரு நாட்டில் ஆறு பேர் கையில் ஆட்சி இருக்கிறது. முதலும் உழைப்பும் போடுபவர்கள் மற்ற 994 பேர். அந்த ஆறு பேரோ தங்களையே நிரந்தர இயக்குநர்களாக நியமித்துக்கொண்டு இலாபத்தைப் பங்கிடுகிறார்கள். இந்தக் கணக்கை நாடுகளுக்கு மட்டுமல்ல, கம்பனிகளுக்கும், கட்சிகளுக்கும், மன்னிக்கவேண்டும், தொழிற்சங்கங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். சந்தா கொடுக்கும் கைகளில் பெரும்பாலானவை கொழுந்து கிள்ளும் பெண்களின் கைகள். முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்று இந்தக் கூட்டத்திலேயே எண்ணிப் பாருங்கள்.

கூலியா, கூலியின் பெயரா?

அடுத்த அத்தியாயம் கூலியைப் பற்றியது. ஹாங்க் ஒரு கிராமத்துக் கொல்லனுடன் வாதம் செய்கிறான். கொல்லன் சொல்கிறான்: “எங்கள் பிரதேசத்தில் கூலி உன் பிரதேசத்தைப்போல் இரண்டு மடங்கு.” ஹாங்க் கேட்கிறான்: “உப்பு என்ன விலை? இறைச்சி என்ன விலை? துணி என்ன விலை?” விலைகளோ இரண்டு மடங்குக்கும் மேல்! ஆகவே குறைந்த கூலி வாங்கும் எங்கள் மக்களே கூடுதலான பொருளை வாங்குகிறார்கள் என்று எடுத்துக்காட்டுகிறான். ஊரார் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. இரண்டு மடங்கு என்றால் இரண்டு மடங்குதானே என்று கொல்லனுக்கே வெற்றி மாலை சூட்டுகிறார்கள்!

சிரிக்கலாம், சிரித்துவிட்டு நமது கணக்கைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், நீண்ட போராட்டத்திற்குப்பின், தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வெளியாயிற்று. அப்போது ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபா. ஆகக் கூலி ஐந்து டொலர். 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் டொலர் ஏறக்குறைய 360 ரூபாவாகிவிட்டது. அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைந்துபோயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி விலைவாசி ஓராண்டில் ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்திருந்தது; உணவுப் பொருட்களின் உயர்வு 95 சதவீதத்தை நெருங்கியது. கூலிச் சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடுப்பில் மட்டும் மாறியது.

2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று அறிவித்தார்கள். அப்போது டொலர் 300 ரூபா அளவில். கணக்கிட்டுப் பாருங்கள்: நாலரை டொலர். மேடையில் 350 ரூபா ஏறிற்று. அளவுகோலில் ஐந்து டொலரை அது எட்டவில்லை. தேயிலையை டொலருக்கு விற்கும் நாட்டில், தேயிலை கிள்ளுபவனுக்கு மட்டும் ரூபாவின் எண்ணிக்கையைக் காட்டுகிறோம். இனி எந்தத் தொகை அறிவிக்கப்பட்டாலும், எத்தனை மாலைகள் விழுந்தாலும், அந்தக் கொல்லனிடம் கேட்ட கேள்வியையே கேளுங்கள்: மா என்ன விலை? அரிசி என்ன விலை? பிள்ளையின் கொப்பி என்ன விலை? விவசாயப் பெருமக்களுக்கும் இதுவே அளவுகோல். நெல்லுக்குக் கிடைத்த விலையை உரத்தின் விலையோடு சேர்த்து எண்ணாதவன், இலாபத்தின் பெயரை எண்ணுகிறான், இலாபத்தை எண்ணவில்லை.

அதே வாதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. கூலியை நிர்ணயிப்பவர்கள் நீதவான்கள். அதாவது, கூலி கொடுக்கும் வர்க்கத்தினர். அவர்கள் நிர்ணயித்ததற்கு மேல் ஒரு காசு கொடுத்தாலும் குற்றம். வருங்காலத்தில் கூலி வாங்குபவனும் தன் கூலியைச் சொல்லும் நாள் வரும் என்று ஹாங்க் கூறுகிறான். ஊரார் நம்பவில்லை. இலங்கையில் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், 1941ஆம் ஆண்டின் கூலிச் சபைகள் சட்டமும் வந்தபோது அந்த நாளின் விடியல் தெரிந்தது. விடியல் தெரிந்தது, பொழுது இன்னும் முழுதாகப் புலரவில்லை.

நிரூபி!

இப்போது நான் இந்த உரைக்குத் தலைப்பாக வைத்த அத்தியாயத்திற்கு வருகிறேன்.

ஹாங்கும் ஆர்தர் மன்னனும் குடியானவர் வேடத்தில் நாட்டைச் சுற்றிவருகிறார்கள். கொல்லனோடு நடந்த வாதம் கலகமாக முடிகிறது. ஒரு பிரபு வந்து காப்பாற்றுவதுபோல் காப்பாற்றி, இருவரையும் அடிமை வணிகனிடம் விற்றுவிடுகிறான்! “நாங்கள் சுதந்திரர்!” என்று கதறுகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? “அப்படியா? நிரூபியுங்கள்!” அவர்களை அடிமை என்று நிரூபிக்கவேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அடிமை அல்லன் என்று நிரூபிக்கும் கடமை அவர்கள் தலையில்! நாட்டின் மன்னனே சந்தையில் நிற்கிறான். தான் யார் என்று காட்ட அவனிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஏழு டொலருக்கு ஏலம் போகிறான். மந்திரி ஒன்பது டொலர். தன் நாட்டின் சட்டம் இப்படிப்பட்டது என்பது மன்னனுக்கு அன்றுதான் புலப்படுகிறது. அதற்குமுன் அது அவனைத் தொட்டதே இல்லை.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் தன் காலத்திலேயே இதே சட்டம் இருந்ததென்றும், சுதந்திரர் பலர் நிரூபிக்க முடியாமல் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்றும் மார்க் ட்வைன் அங்கே கதையை நிறுத்திச் சொல்கிறார். 528ஆம் ஆண்டு என்பது போர்வை. அவர் குறிவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டை.

சட்டம் கற்பவனுக்கு முதல் ஆண்டில் சொல்லித்தருவது என்ன? சாட்டுபவனே நிரூபிக்கவேண்டும் என்பது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுவதும் இந்த மலையில் உழைத்தவனை நோக்கி, நீ இந்த நாட்டவன் அல்லன் என்று அரசு சொன்னபோது, அதை நிரூபிக்கும் பாரம் அரசின் மீது விழவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இந்நாட்டில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் இந்நாட்டில் பிறந்திருக்கவேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கே போய்த் தேடுவது? நாட்டில் பெரும்பான்மையோரிடமும் அப்படிப்பட்ட பத்திரம் இருந்ததில்லை. ஆனால் அவர்களிடம் கேட்டவர் எவரும் இல்லை. நம்மிடம்தான் கேட்டார்கள். ஒரே சட்டம்; ஆனால் ஒரு சாராரை நோக்கி மட்டுமே கேள்வி!

அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம் வந்தது. தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் உரிமை என்றது. மணமானவர்க்கு ஏழு ஆண்டு. மணமாகாதவர்க்குப் பத்து ஆண்டு. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருந்தன. உரிமை பெற்றவர்கள் 1,34,000 அளவினர்! தேர்தல் சட்டத்தை 1949இல் திருத்தியபோது வாக்கும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வேடிக்கை பார்த்தார்கள்.

நீதிமன்றம் செல்லாமல் இல்லை. கேகாலை மாவட்டத்தில் உருவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கக் கேட்ட கோடகன்பிள்ளையின் வழக்கு, உயர்நீதிமன்றம் கடந்து இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. சிறுபான்மையோர்க்குப் பாதகமாகச் சட்டம் இயற்றலாகாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு துணைக்கு அழைக்கப்பட்டது. 1953இல் தீர்ப்பு வந்தது: இது பிரசாவுரிமை பற்றிய சட்டமே, ஒரு சமூகத்துக்கு எதிரான சட்டம் அன்று! சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது உண்மைதான். ஆர்தர் மன்னனை விற்ற சட்டத்திலும் ஆர்தரின் பெயர் இல்லை!

பின்னர் நடந்தது விலைபேசலே. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 மனிதர்கள் பங்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாக்கினார்கள்: 75,000, 75,000. எவரும் அந்த மக்களிடம் கேட்கவில்லை. கதையில் மன்னனுக்கு ஒரு கோபம் வருகிறது: விற்றதற்கன்று, ஏழு டொலர்தானா தன் விலை என்பதற்கு! நம் பாட்டன்மார்க்கு அந்தக் கோபம் கொள்ளவும் வழியில்லை. எண்ணிக்கையாகத்தான் அவர்கள் அந்தக் காகிதத்தில் இருந்தார்கள்.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் அந்தக் கறையைத் துடைத்தன. 1948இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள்! ஒரு மனிதன் பிறந்து, கொழுந்து சுமந்து, ஓய்வு பெறுவதற்குப் போதுமான காலம்.

கையை ஓங்கியவர்கள் யார்?

நண்பர்களே! நூலில் இன்னொரு பகுதி உண்டு. அதைப் படிக்கும்போது மற்றவரைக் குறைகூறும் வாய் அடைத்துப்போகிறது. ஒரு பிரபு கொல்லப்படுகிறான், மாளிகை எரிகிறது. ஒடுக்கப்பட்ட குடியானவர்களே கோலும் கயிறும் எடுத்துக்கொண்டு, பிரபுவின் பக்கம் நின்று, தங்கள் அயலாரான வேறு குடியானவர்களை வேட்டையாடுகிறார்கள். பிரபு தங்களையும் மிதித்தவன்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். உள்ளுக்குள் வெறுக்கிறார்கள், வெளியே அவன் ஏவலைச் செய்கிறார்கள்.

1948ஆம் ஆண்டின் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தனர். மலைநாட்டு உறுப்பினர் எழுவரும் எதிர்த்தனர். ஆனால் அடுத்த சட்டம் வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்து சட்டத்தை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் எதிர்த்து வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். இருவரும் சட்டம் கற்றவர்கள். ஒரே சட்டப் புத்தகத்தைப் படித்தவர்கள் இரு வழியில் நின்றார்கள். வடக்கிலும் கிழக்கிலும் இதைப் படிக்கும் வழக்கறிஞர்களும் வைத்தியர்களும் விவசாயிகளும் சிந்திக்கவேண்டும்: அன்று மலையில் பறிக்கப்பட்ட ஒவ்வொரு வாக்கும் தமிழ் பேசும் மக்கள் அனைவரின் தராசுத் தட்டிலிருந்தும் எடுக்கப்பட்ட எடையல்லவா? அயல்வீட்டுக்காரனை நிரூபிக்கச் சொன்னபோது வாளாவிருந்தவன், தன்னை நிரூபிக்கச் சொல்லும்போது யாரைத் துணைக்கு அழைப்பான்?

குடிசைக்குள் நுழைந்த மன்னன்

அந்த மன்னன் முற்றிலும் கெட்டவன் அல்லன். வேடம் பூண்டு நடக்கையில் வைசூரி கண்ட ஒரு குடிசைக்குள் நுழைகிறான். வெளியேறிவிடும்படி எச்சரிக்கிறார்கள். அவன் போகவில்லை. சாகும் தறுவாயில் கிடக்கும் சிறுமியைப் பரணிலிருந்து தன் கைகளில் தூக்கிவந்து தாயின் அருகில் கிடத்துகிறான். நூல் முழுவதிலும் அரசன் உண்மையில் அரசனாக இருக்கும் இடம் அது ஒன்றே. அடிமைச் சங்கிலியை அணிந்தபின் அடிமைமுறையையே ஒழிப்பேன் என்று சொல்ல வைப்பதும் அந்தப் பயணமே.

நமது வரலாற்றிலும் வேடம் பூண்டு நடந்தவர் ஒருவர் உண்டு. தோட்டத்துக்குள் வெளியார் நுழைவது குற்றமாக இருந்த காலத்தில், துணி வியாபாரியாக மூட்டை சுமந்து லயங்களுக்குள் புகுந்து, மக்களின் நிலையைக் கண்ணாரக் கண்டவர் தேசபக்தன் கோ. நடேசய்யர். கண்டதைப் பத்திரிகையில் எழுதினார், சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டெழுதித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். மக்களைப் பற்றிப் பேச விரும்புகிறவன் முதலில் அவர்கள் வாசற்படியைத் தாண்டவேண்டும் என்பதற்கு நம்மிடையே இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

துரை ஏன் தோற்றான்?

இறுதியாக ஒன்று. இந்த நூலின் முடிவு சிறுவர் பதிப்புகளில் சுருக்கப்பட்டுவிடுகிறது. பெரியவர்கள் அதை முழுதும் படிக்கவேண்டும்.

ஹாங்க் பள்ளிகளைத் திறந்தான், தந்திக் கம்பி இழுத்தான், பத்திரிகை நடத்தினான், ஆலைகளை எழுப்பினான். எல்லாம் நன்மைக்கே. ஆனால் எல்லாவற்றையும் அவனே தீர்மானித்தான். மக்களை அவன் நேசித்தான், மக்களிடம் கேட்கவில்லை. அவன் வெளிநாடு சென்றிருந்த வேளையில் திருச்சபை ஒரு தடையாணை பிறப்பித்தது, ஆலைகள் நின்றன, விளக்குகள் அணைந்தன. திரும்பிவந்து குடியரசைப் பிரகடனம் செய்தான். மக்கள் ஒரு நாள் ஆரவாரம் செய்தார்கள். பிரபுக்கள் கண்ணை உருட்டியதும் பழைய பட்டிக்கே திரும்பினார்கள். அவனோடு எஞ்சி நின்றவர்கள் 52 இளைஞர்கள். மின்சார வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் கொண்டு 25,000 பேரைக் கொன்று குவித்தான். முடிவில் அந்தப் பிணக்குவியலே அவர்களைச் சூழ்ந்த மதிலாயிற்று. வென்றவர்கள் வெளியேற வழியின்றி மடிந்தார்கள். நாகரிகத்தைக் கொண்டுவந்தவன் இறுதியில் கொண்டுவந்தது துப்பாக்கித் தொழிற்சாலையைத்தான்!

இந்தத் தீவில் துப்பாக்கியின் காலத்தைக் கண்டு கடந்தவர்கள் நாம். இந்த முடிவுக்கு விளக்கவுரை நமக்குத் தேவையில்லை.

1931இல் சர்வசன வாக்குரிமை மேலிருந்து வந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசினால் வந்தது. 1948, 1949இல் மேலிருந்தே அது போயிற்று. நல்ல துரை கொடுப்பதைக் கெட்ட துரை எடுத்துக்கொள்வான். கொடுக்கும் துரையைத் தேடுவதிலேயே நம் சக்தியைச் செலவிடுவது போதும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன். ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் பிறப்பு, விவாகம், இறப்புப் பத்திரங்களையும், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்களையும் பிரதியெடுத்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். நிரூபி என்று கேட்கும் சட்டம் மாறிவிட்டது. கேட்கும் வழக்கம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு: ஒவ்வொரு தோட்டத்திலும் மாதம் ஒருமுறை பத்துப் பொருள்களின் விலையை எழுதி, கூலியோடு ஒப்பிட்டு, பிரட்டுக் களத்திலும் கோவில் வாசலிலும் ஒட்டுங்கள். அதை எழுதுபவர்கள் நம் பெண்களாக இருக்கட்டும். சந்தையில் விலை கேட்பவர்கள் அவர்களே. மூன்று: வாசகர் கூட்டங்களை நிறுத்திவிடாதீர்கள். சாலையில் உழைத்த சுதந்திரர்களுள் ஒருவன் மட்டும், ஒரு குடும்பம் என்றென்றும் ஆளவேண்டும் என்று எந்த மக்களும் மனமுவந்து வாக்களிப்பார்களா என்ற கேள்வியைக் கேட்டு நின்று யோசித்தான். ஹாங்க் அவனைத் தனியாக அழைத்துச்சென்று, மனிதரை ஆக்கும் தன் பள்ளிக்கு அனுப்பிவைத்தான்.

நாம் அப்படி ஒருவனைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டாம். பள்ளியையே லயத்துக்குக் கொண்டுவருவோம். நம் கேள்விகளை நாமே கேட்போம். அத்தாட்சி கேட்பவர்களிடம் இந்த மலைகளைக் காட்டுவோம்: இவற்றின் ஒவ்வொரு வரிசையும் யார் நட்டது என்பதற்கு எவர் நிரூபணம் கேட்பார்?